பதினோரு பக்க ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய ஐந்து எண்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 44. ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம். காலை ஒன்பதரைக்குக் கடைக்குப் போனால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வீடு. போன மாதம் 4,500 ரூபாய் கட்டி மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்தோம். பதினோரு பக்க ரிப்போர்ட்டில் ஒன்பது இடத்தில் சிவப்பு எழுத்து. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, இரண்டு இட்லி சாப்பிட்ட பிறகு 148, எச்.பி.ஏ.1சி 6.1. மொத்தக் கொழுப்பு 204, டிரைகிளிசரைடு 262, எச்.டி.எல். 34, எல்.டி.எல். 118. எஸ்.ஜி.பி.டி. 58, எஸ்.ஜி.ஓ.டி. 38, தட்டணுக்கள் 2.4 லட்சம். யூரிக் அமிலம் 7.4, வைட்டமின் டி 18, எம்.சி.எச்.சி. கொஞ்சம் குறைவு. ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’. பிரஷர் 138/88. உயரம் 168 செ.மீ., எடை 76 கிலோ. அவருடைய அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு, அம்மாவுக்குச் சர்க்கரை. இவருக்கு சிகரெட் இல்லை. சனிக்கிழமை நண்பர்களோடு கொஞ்சம் குடிப்பார். டாக்டர், “பார்டர்லைன்தான், சாப்பாட்டைக் கன்ட்ரோல் பண்ணுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். எதை, எவ்வளவு என்று தெரியவில்லை. ராத்திரி சப்பாத்திக்கு மாறிவிட்டார். என் மாமியார் காலையில் கேழ்வரகுக் கஞ்சி போதும் என்கிறார். மாத்திரை வேண்டுமா? ரத்தம் கொடுத்ததற்கு முந்தின ராத்திரி ஒரு சீமந்த விருந்தில் பதினோரு மணிக்குச் சாப்பிட்டோம், காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள், அது தப்பா? எனக்கு வயது 41. இரண்டாவது பிரசவத்தின்போது சுகர் இருந்து, அப்புறம் சரியாகிவிட்டது. நானும் பார்க்க வேண்டுமா?
(வாசகி, ஈரோடு)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லா எண்களையும் எழுதி அனுப்பியது பெரிய உதவி. பலரும் ‘சுகர் லேசா இருக்காம்’ என்று ஒரே வரியில் நிறுத்திவிடுவார்கள்.

முதலில் அந்த ஒன்பது சிவப்பைக் குறைப்போம். ஆய்வகங்கள் ‘இயல்பு’ என்று போடும் எல்லை, பெரும்பாலான சோதனைகளில், ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் உள்ளே வரும்படி வகுத்தது. மீதி ஐந்து சதவீதம் பேர் நோயில்லாமலே வெளியே நிற்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் சேர்த்துச் செய்தால், எந்த நோயும் இல்லாத ஒருவருக்கும் ஒன்றாவது சிவப்பில் வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தால் எம்.சி.எச்.சி.யை (சிவப்பணுவில் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தி என்ற அளவு) மறந்துவிடுங்கள். மூட்டு வீக்கமோ சிறுநீரகக் கல்லோ இல்லாதவருக்கு யூரிக் அமிலம் 7.4 என்பதற்காக மாத்திரை தேவையில்லை. வைட்டமின் டி 18 குறைவுதான். டாக்டர் எழுதித் தரும் வாரங்களுக்கு மட்டும் மருந்து எடுத்தால் சரியாகிவிடும். 60,000 யூனிட் பாக்கெட்டைக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். அதிகமானால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மிஞ்சுவது சர்க்கரை, டிரைகிளிசரைடும் (ரத்தத்தில் சுற்றும் ஒரு வகைக் கொழுப்பு) எச்.டி.எல்.லும் (‘நல்ல’ கொழுப்பு), கல்லீரல், பிரஷர், அப்புறம் இடுப்பு. பதினோரு பக்கத்தில் இடுப்புச் சுற்றளவு இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஐந்து ரூபாய் டேப் போதும், ஆனால் பேக்கேஜ்களில் அது அடிக்கடி விட்டுப்போகிறது. சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்லுங்கள். கடைசி விலா எலும்பின் கீழ் ஓரத்துக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், அவர் சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது அளந்துகொள்ளுங்கள். பேன்ட் சைஸை நம்ப வேண்டாம். தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறார்கள். நம் உடல்வாகுக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தொட்டாலே அதிகம். அவருடைய பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 26.9. நமக்கு 23-க்கு மேலே அதிக எடை, 25-க்கு மேலே உடல்பருமன் என்றுதான் கணக்கு.

இந்த ஐந்தையும் தனித்தனி வியாதியாகப் பார்த்தால் ஐந்து டாக்டர், ஐந்து மாத்திரை என்று போய்விடும். வேர் ஒன்றுதான். வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிக் கொழுப்பு சேரும்போது இன்சுலின் சொல்வதைக் கல்லீரல் சரியாகக் கேட்பதில்லை. ராத்திரி முழுக்கத் தேவையில்லாமல் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. காலை 112 அங்கிருந்து வருகிறது. செலவாகாத மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்குகிறது. அதில் ஒரு பகுதி ரத்தத்தில் டிரைகிளிசரைடாகச் சுற்றுகிறது, ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்குகிறது. டிரைகிளிசரைடு ஏறினால் எச்.டி.எல். இறங்கும். ஒல்லியான கை கால், முன்னால் தொப்பை, டிரைகிளிசரைடு அதிகம், எச்.டி.எல். குறைவு: தெற்காசியர்களிடம் மிகச் சாதாரணமாகப் பார்க்கும் சேர்க்கை இது. எண்ணெய் பலகாரத்தை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டுச் சோற்றைத் தொடாமல் விடுவதால்தான் பல வீடுகளில் டிரைகிளிசரைடு இறங்குவதே இல்லை.

அடுத்தது, பரிசோதனை சரியாகச் செய்யப்பட்டதா என்ற உங்கள் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு எட்டு மணி நேரம் போதும், ஆகவே 112 செல்லும். 100 முதல் 125 வரை முன்நீரிழிவு, அதாவது நீரிழிவுக்கு முந்தின படி; 126 தொட்டால் நீரிழிவு. சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி-யில் 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு. இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதால் அவருக்கு முன்நீரிழிவு இருக்கிறது, ‘பார்டர்லைன்’ என்று மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் விருந்துச் சாப்பாட்டுக்கு எட்டு மணி நேரம் கழித்து எடுத்த டிரைகிளிசரைடை அப்படியே நம்ப முடியாது. அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும், முந்தின மூன்று நாள் மதுவும் கூடாது. எல்.டி.எல். (‘கெட்ட’ கொழுப்பு) 118 என்பதையும் ஆய்வகம் அளந்திருக்காது. மொத்தக் கொழுப்பிலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போட்ட கணக்கு அது. 204-இல் 34-ம் 52-ம் கழித்துப் பாருங்கள், சரியாக வரும். டிரைகிளிசரைடு ஏறியிருந்தால் இந்தக் கணக்கு எல்.டி.எல்.லைக் குறைத்துக் காட்டும். ஆகவே மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள்: 170. இது 130-க்குக் கீழே இருப்பது நல்லது. நேற்றைய விருந்தால் அதிகம் மாறாத எண் இது.

இட்லி சாப்பிட்டுப் பார்த்த 148 ஒரு முடிவுக்கும் உதவாது. வீட்டில் அவர் ஐந்து இட்லி சாப்பிடுபவராக இருந்து, அன்று இரண்டோடு நிறுத்தியிருந்தால் கதையே வேறு. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அதற்கு முந்தின மூன்று நாளும் வழக்கம்போலச் சோறு சாப்பிட வேண்டும்; ‘நல்ல ரிசல்ட்’ வர வேண்டும் என்று பட்டினி கிடந்தால் விடை தலைகீழாகி, சர்க்கரை கூடுதலாகக்கூடக் காட்டும். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம், பிறகு 300 மில்லி தண்ணீரில் கரைத்த குளுக்கோஸை ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும், சரியாக இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை ரத்தம். இடையில் காப்பி கிடையாது, கடைப்பக்கம் போய் வருவது கிடையாது, உட்கார்ந்தே இருக்க வேண்டும். 140-க்குக் கீழே இயல்பு, 200 தொட்டால் நீரிழிவு.

கல்லீரலுக்கு இன்னொரு ஸ்கேன் தேவையில்லை. கிரேடு 1, 2 என்பது ஸ்கேன் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து மாறும். உங்களிடம் இருக்கும் எண்களே போதும் (எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கல்லீரல் நொதிகள்): வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்; தட்டணுக்களை ஆயிரங்களில் எடுத்து (240), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்; முதலில் வந்ததை இரண்டாவதால் வகுத்தால் 0.91 வருகிறது. 1.3-க்குக் கீழே என்றால் கல்லீரலில் பெரிய தழும்பு விழுந்திருக்கும் வாய்ப்பு குறைவு. எடை குறைந்தால் இந்தக் கொழுப்பு போய்விடும். ‘லிவர் சுத்தம் செய்யும்’ லேகியம், சூரணம் எதுவும் வேண்டாம். மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விட்டவை அவற்றில் உண்டு.

பிரஷரை ஒரு தடவை பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கைப்பட்டை சிறியதாக இருந்தால் பிரஷரைக் கூடுதலாகக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, காப்பி குடித்து அரை மணி நேரம் தாண்டிய பிறகு, சாய்ந்து உட்கார்ந்து, கால் இரண்டும் தரையில் பட, கையை மார்பு உயரத்துக்கு மேஜையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து பிறகு அளக்க வேண்டும். காலை இரண்டு, ராத்திரி இரண்டு என ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் ரத்தக்கொதிப்புதான். அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.

இனி சாப்பாடு. அரிசியை விட்டுச் சப்பாத்தி, அதையும் விட்டுக் கேழ்வரகு என்று வகையை மாற்றுவதில் நம் வீடுகளில் செலவாகும் சக்தியில் பாதியை அளவைக் குறைப்பதில் செலவிட்டால் போதும் என்பது என் கருத்து. 100 கிராம் அரிசியில் சுமார் 356 கலோரி, 78 கிராம் மாவுச்சத்து. கோதுமை மாவில் 320, 64. கேழ்வரகில் 321, 67. வித்தியாசம் இவ்வளவுதான். கேழ்வரகில் கால்சியம் அதிகம் என்பது உண்மை, ஆனால் கஞ்சியாகக் கரைத்து வேகவைத்துக் குடிக்கும்போது சர்க்கரை வேகமாக ஏறும், பத்தரைக்கே பசிக்கவும் செய்யும். மாமியாரிடம் சண்டை வேண்டாம். கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டிக் கொடுங்கள், கூட ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பச்சைப் பயறு கடைசலோ இருக்கட்டும். சப்பாத்தியும் அப்படியே: மூன்றுக்கு மேல் போய், கூட உருளைக்கிழங்கு குருமாவும் என்றால் விட்ட சோறு திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள், இரண்டு வாரத்துக்குப் பிறகு கண்ணே பழகிவிடும். மதியத்துக்கு அவர் பங்கு 65 கிராம் அரிசி, வெந்த பிறகு 180 முதல் 200 கிராம். பச்சரிசியைவிடப் புழுங்கல் நல்லது. கேரியரில் இப்போது பெரிய டப்பாவில் சோறும் மேல் டப்பாவில் ஒரு கரண்டிப் பொரியலும் போகும் என்று ஊகிக்கிறேன். டப்பாக்களை மாற்றுங்கள். பெரியதில் பொரியலும் கூட்டும், ஏறக்குறைய 200 கிராம், சின்னதில் சோறு. இன்னொன்றில் கெட்டியான பருப்பு: கொள்ளுப் பருப்பு, தட்டைப்பயறு, கீரைக் கடைசல், வாரம் இரண்டு மூன்று நாள் மீன் அல்லது முட்டை. சாம்பாரைப் பருப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஒரு கரண்டியில் தேறும் பருப்பு மிகக் கொஞ்சம். அரிசியும் பருப்பும் சாதம் செய்யும் நாளில் மூன்றுக்கு ஒன்று என்று போடுவதை ஒன்றுக்கு ஒன்று ஆக்கிப் பாருங்கள், ருசி கெடாது. சாப்பிடும் வரிசையும் முக்கியம்: பொரியலையும் பருப்பையும் பாதி முடித்த பிறகு சோற்றில் கை வைத்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. காலையில் மூன்று இட்லி போதும், கூடச் சுண்டலோ முட்டையோ. இட்லியைக் குறைத்துவிட்டு வேறெதுவும் வைக்காமல் அனுப்பினால் பதினோரு மணிக்குக் கடை வாசலில் வடை காத்திருக்கும்.

ராத்திரி ஒன்பதரைக்குப் பசியோடு வருபவரிடம் ‘ஏழு மணிக்குச் சாப்பிடுங்கள்’ என்று சொல்வதில் பயனில்லை. ஆறரைக்குக் கடையிலேயே ஒரு கிண்ணம் சுண்டல் (40 கிராம் காய்ந்த கடலையை ஊறவைத்தது), அல்லது ஒரு கொய்யாவும் ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலையும் சாப்பிடட்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தோசை அல்லது இரண்டு சப்பாத்தி, காய் நிறைய. அப்புறம் பதினைந்து நிமிடம் தெருவில் நடை. சந்தை நாளில் இன்னும் தாமதமானால் அந்த இரண்டு தோசையை அல்லது சப்பாத்தியை ஒன்றாகக் குறைத்துவிடுங்கள்.

காப்பி, டீ பற்றி நீங்கள் எழுதவில்லை. கடையில் இருப்பவர், ஐந்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன், 10 கிராம் என்றால் நாளுக்கு 50 கிராம், மாதம் ஒன்றரைக் கிலோ சர்க்கரை! வாரம் அரை ஸ்பூன் என்று குறைத்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் ரத்தத்தில் சர்க்கரைதான். இயற்கை என்ற பெயரில் இரண்டு ஸ்பூன் மூன்றாகிறது. ஜூஸ் வேண்டாம், பழமாகக் கடித்துச் சாப்பிடலாம்.

எண்ணெய்க்கும் உப்புக்கும் தட்டில் கணக்குப் பார்க்க முடியாது, மளிகைச் சிட்டையில் பாருங்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 2,000 கலோரிக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய் என்கிறது. நால்வர் குடும்பத்துக்கு மாதம் மூன்றரை லிட்டர். வெளிச் சாப்பாடும் இருக்கிறதே, மூன்றைத் தாண்டாமல் பாருங்கள். உப்பு நாளுக்கு ஆளுக்கு 5 கிராம். ஒரு கிலோ பாக்கெட் நால்வருக்கு 50 நாள் வர வேண்டும். பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்தக் கணக்கில் வராதவை, பிரஷருக்கு அவையே எதிரி.

சனிக்கிழமை விஷயத்தை நேராகவே சொல்கிறேன். டிரைகிளிசரைடு 262, கல்லீரலில் கொழுப்பு, இவற்றோடு மது ‘கொஞ்சம்’ என்று இல்லை. மூன்று மாதம் முழுக்க நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் பார்க்கட்டும், வித்தியாசத்தை அவரே படித்துக்கொள்வார். இரவில் சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறாரா என்பதையும் கவனியுங்கள். அப்படியிருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள், பிரஷர் ஏற அதுவும் காரணமாகும்.

நடை, வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியாத வேகம். வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை வேண்டும்: நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பன்னிரண்டு தடவை வீதம் மூன்று சுற்று. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். நடக்கும்போது மார்பில் அழுத்தமோ, இடது தோளிலோ தாடையிலோ வலியோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. படுத்தபடி எடுத்த ஈ.சி.ஜி. நார்மல் என்பது அடைப்பு இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இலக்கு: ஆறு மாதத்தில் நான்கிலிருந்து ஐந்து கிலோ, அதாவது எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம். இடுப்பு முதலில் 90-க்குக் கீழே. மாதத்துக்கு ஒரு கிலோ போதும். பதினைந்து நாளில் ஐந்து கிலோ குறைத்தவர்கள் பொங்கலுக்குள் ஆறு கிலோ ஏறிவிடுகிறார்கள்.

சர்க்கரைக்கு இப்போது மாத்திரை வேண்டுமா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் முன்நீரிழிவு உள்ள 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4, இரண்டும் சேர்த்தவர்களுக்கு 28.2. மாத்திரையைச் சேர்த்ததால் கூடுதல் பயன் இல்லை. எதுவுமே செய்யாத பிரிவில் மூன்றே ஆண்டில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நம்மவர்களின் முன்நீரிழிவு எவ்வளவு அவசரமானது என்பதற்கு எனக்கு இந்த எண் போதும். ஆகவே மூன்று மாதம் மேலே சொன்னதை முழு மூச்சாகச் செய்யட்டும், குளுக்கோஸ் சோதனையில் 200 தொடாமல் இருந்தால். கொழுப்பு மாத்திரை வேறு கணக்கு. அப்பாவுக்கு 55-க்கு முன்பே மாரடைப்பு, இவருக்கு 170 என்ற அந்த எண், கூடவே பிரஷரும் உறுதியானால், ஸ்டேட்டின் என்ற அந்த மாத்திரையைத் தொடங்கலாமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். பரம்பரையாக வரும் ஒரு கொழுப்பைக் காட்டும் எல்.பி.(ஏ) என்ற சோதனையை வாழ்நாளில் ஒரு தடவை செய்தால் அந்த முடிவு எளிதாகும். மாத்திரை எழுதினால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறுபடி எப்போது? எச்.பி.ஏ.1சி-யைச் சுமக்கும் சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். மூன்று மாதத்துக்குள் பார்ப்பது காசுக்குக் கேடு. மூன்றாவது மாத முடிவில் அதே ஆய்வகத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1சி, பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து பார்க்கும் லிப்பிட் (கொழுப்புச் சோதனை), எஸ்.ஜி.பி.டி. இவ்வளவே. அடுத்த ஆண்டு இவற்றோடு சிறுநீரகத்துக்காகக் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின். புற்றுநோய் மார்க்கர்கள், முழு உடல் ஸ்கேன் என்று பேக்கேஜில் நீட்டுவதை விட்டுவிடலாம். சர்க்கரையும் பிரஷரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

கடைசியில் உங்கள் விஷயம். நீங்கள் ஒரு வரியில் எழுதியதுதான் கடிதத்திலேயே என்னை அதிகம் உறுத்தியது. கர்ப்பகாலச் சர்க்கரை ‘சரியாகிவிட்டது’ என்பது பிரசவத்தோடு அந்த நேரத்துச் சுமை இறங்கியது என்பது மட்டுமே. அது வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. பிரசவம் முடிந்து ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் ஒரு முறையும், பிறகு ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும் ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும். 2007 முதல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பகாலச் சர்க்கரையைப் பார்க்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு வர வேண்டிய சோதனைக்குத்தான் பெண்கள் வருவதில்லை. உங்களுக்கும் அதே 75 கிராம் குளுக்கோஸ் சோதனை வேண்டும், எச்.பி.ஏ.1சி மட்டும் போதாது. இரும்புச்சத்து குறைவாக இருந்தால் அது பொய்யாகக் கூடுதலாகக் காட்டும், ஆகவே ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்கள். இடுப்பு, பிரஷர், லிப்பிட் உங்களுக்கும்தான். கேரியர் கட்டிக் கொடுத்துவிட்டு மீந்த சோற்றில் மோர் ஊற்றி நீங்கள் சாப்பிட்டு முடிப்பதாக இருந்தால், அவருக்குச் சொன்ன 200 கிராம் பொரியல் உங்கள் தட்டுக்கும் சேர்த்துத்தான்.

இருவரும் ஒரே காலையில் போய்விடுங்கள். முந்தின ராத்திரி ஏழுக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டு, காலை ஏழரைக்கு முதல் ரத்தம், ஒன்பதே முக்காலுக்குள் இரண்டாவது முடிந்துவிடும். அன்று கடையைப் பத்தரைக்குத் திறந்தால் போதும் என்று அவரிடம் இன்றே சொல்லி வையுங்கள். சந்தை நாளில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.